ஓடு மாற்றித் தருவது

3 செப்டம்பர் 2024

நான் சுருளிவேலைத் திருடன் என்று சொல்லவில்லை. "நீங்க செய்யறது திருட்டு" என்று சொன்னேன். முன்னது ஆளைப் பற்றியது, பின்னது செயலைப் பற்றியது. இந்த வேறுபாடு தெரியாதவர்கள்தான், செலின் டீச்சர் காண்ட்ராக்டரைத் திருடன் என்று திட்டி ஏணியோடு விரட்டிவிட்டார் என்று நேற்று மாலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏணியை அவராகவே தூக்கிக்கொண்டு போனார். நான் தொடக்கூட இல்லை.

நடந்ததை எழுதி வைக்கிறேன். வீட்டுக் கூரையில் செல்லரித்த மரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் போடவும், புதிய சீமை ஓடு பதிக்கவும் சுருளிப்பட்டி சுருளிவேலிடம் ஜூலையில் பேசினேன். ஒப்பந்தத்தை நானே முத்திரைத்தாளில் எழுதினேன். இரண்டு லட்சத்து எண்பதாயிரம், பாதி முன்பணம். மரவேலை ஒழுங்காக நடந்தது, குறை சொல்ல மாட்டேன். நேற்று மதியம் முற்றத்துக்கு வந்து பார்த்தால், இறக்கி வைத்த பழைய ஓட்டைச் சித்தாள் மலையம்மாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறாள். கழுவியது மேலே போகிறது. புதிய ஓடு ஒன்றுகூட வந்து இறங்கவில்லை.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"ஓடு, டீச்சர்," என்றார் சுருளிவேல், கூரைமேல் இருந்து.

கூட இருந்த கொத்தனார் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வார்த்தை மீறியது.

கூரையில் மூன்றில் ஒரு பங்குதான் மூடியிருக்கிறது. மற்ற இடத்தில் நீலத் தார்ப்பாய்.

6 செப்டம்பர்

அருண் ஜோசப் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். ஊர்ச் செய்தி எனக்கு முன்பே அவனுக்குப் போய்விடுகிறது.

"அம்மா, நான் அப்பவே சொன்னேன். எழுபத்தாறு வயசுல இது தேவையா?"

"கூரைக்கு வயசாச்சு. எனக்கில்ல."

"அக்டோபர் பதினஞ்சுன்னு நீங்கதான் வாக்குக் குடுத்தீங்க."

கொடுத்தேன். ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடாவிட்டால் அவன் முன்பணம் கட்டி வைத்திருக்கும் அந்த முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று ஜூலையில் சொன்னேன். படத்தில் பார்த்தேன். நல்ல கட்டடம். ஒரு அறை, ஒரு கட்டில், சுவரில் அழைப்பு மணி. மணி அடித்து ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

வாக்கு வாக்குதான். ஆனால் இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது.

9 செப்டம்பர்

வேறு ஆள் கிடைக்காதா என்று பார்த்தேன். கம்பத்துக்காரர் ஒருவர் போனிலேயே, "மாசி மாசம் பாப்போம்" என்றார். ஆள் இல்லையாம். இருப்பவர்களெல்லாம் விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கூலி கூட. யாரைக் குறை சொல்வது?

தேனி அல்லிநகரத்திலிருந்து விஜயகுமார் என்ற இளைஞர் காரில் வந்தார். பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தார். தொலைவுக்காகத் தனித் தொகை, ஆட்கள் தங்க இடம், சாப்பாடு. நான் மறுக்கவில்லை, பட்டணத்திலிருந்து வருபவர் கேட்கத்தான் செய்வார். பிறகு சொன்னார்:

"மேல உள்ளதப் பூராம் இறக்கிட்டு காங்கிரீட் தளமாப் போட்டுருவோம்மா. இப்ப ஓட்டு வீட்டுல யாரும்மா இருக்கா?"

"நான் இருக்கேன்."

அவர் கேட்டது ஏழரை லட்சம். ஏழரை என்ற எண்ணைப் பற்றி ஊரார் பயப்படுவதை நான் நம்புவதில்லை. இன்று கொஞ்சம் நம்பினேன். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

11 செப்டம்பர்

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை, "சமாதானமாப் போங்க டீச்சர்" என்றார். பூசையின் முடிவில் எல்லோருக்கும் சொல்லும் வார்த்தைதான். எனக்கென்று இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

14 செப்டம்பர்

காற்று. தார்ப்பாயின் ஒரு மூலை கிழிந்துவிட்டது. நானே சணல் போட்டுக் கட்டினேன். நாற்காலி மேல் ஏறித்தான். அருணுக்குச் சொல்லப் போவதில்லை.

17 செப்டம்பர்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மலையம்மாள் வந்தாள், அன்று விட்டுப்போன தூக்குச்சட்டியை எடுத்துப் போக. வாசலிலேயே நின்றாள். "உள்ளே வா, நான் உன்னையா கோபித்தேன்" என்றேன். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு டீச்சரம்மா அண்ணன அப்படிச் சொன்னீக? அவரு ஒழுங்காத்தான வேல பாத்தாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஒப்பந்தத் தாளை எடுத்து வந்து, அவளுக்குப் படிக்கத் தெரியாததால், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். "பழுதடைந்த மரங்களை நீக்கிப் புதிய மரங்கள் அமைத்து, ஓடு முழுவதும் மாற்றித் தருவது."

"சரியாத்தான எழுதியிருக்கீக," என்றாள். "அதத்தான அண்ணன் செஞ்சாரு."

"எங்கே மாற்றினார்? பழைய ஓடு அல்லவா போட்டார்?"

அவள் என்னைப் பார்த்த அதே பார்வையைத்தான் நாற்பது ஆண்டு நான் பிள்ளைகள்மேல் வீசியிருக்கிறேன்.

"ஆத்தாடி! ஓடு மாத்துறதுன்னா என்ன? பூராம் பிரிச்சு, ஒடஞ்சத ஒதுக்கி, நல்லதக் கழுவித் திருப்பி அடுக்குறதுதான? மழைக்கு முன்னாடி வருசா வருசம் ஓடு மாத்துவோம்ல. வருசா வருசம் புது ஓடா வாங்குனோம்? அம்புட்டுக் காசு இருந்தா நா ஏன் இங்கன மண்ணு சொமக்குறேன்? மரத்துக்குப் புதுசுன்னு எழுதியிருக்கீக. ஓட்டுக்கு எழுதலயே. புதுசு வேணும்னா 'புது ஓடு போடு'ன்னுல்ல சொல்லணும்!"

சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மரங்களுக்கு முன்னால் "புதிய" இருக்கிறது. ஓட்டுக்கு முன்னால் இல்லை. நானே எழுதியது. என் கையெழுத்து.

என் வீட்டுக்காரர் ஞானமுத்து இருந்த காலத்தில் ஒவ்வொரு ஆவணியிலும் ஓடு மாற்ற ஆள் வந்தது. "ஆள் வருது, செலின், சாமான எல்லாம் ஒதுக்கு" என்பார். அந்தச் சொல்லை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! பிறகு எப்படி? எப்படி என்று இப்போது தெரிகிறது. சிஸ்டர்கள் பள்ளியில் படித்து, அங்கேயே ஆங்கிலம் கற்பித்து, இந்த வயதிலும் காரியம் என்றால் எனக்கு மனம் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. உள்ளே 'ரீப்ளேஸ்' என்று நினைத்தேன். பேனா 'மாற்றி' என்று எழுதியது. சுருளிவேல் படித்தது தமிழ்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். நாலு பேருக்கு முன்னால அந்த மனுசனத் திருட்டுன்னு — எவ எழுதுன தப்புக்கு எவன் பேச்சு வாங்குறது?

18 செப்டம்பர்

ஒரு கடிதம் எழுதினேன். கிழித்தேன். இன்னொன்று எழுதினேன். வேலையை நிறுத்தியது தவறு என்று எழுத மாட்டேன். என் வீடு, என் பணம், கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மன்னிப்பு.

19 செப்டம்பர்

கடிதத்தோடு மினிபஸ்ஸில் சுருளிப்பட்டி போனேன். சுருளிவேல் வீட்டு முன் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் மகள் நதியா நாற்காலி போட்டாள். பாலிடெக்னிக் படித்தவள், அப்பாவின் எஸ்டிமேட் எல்லாம் அவள்தான் போடுகிறாளாம். கடிதத்தை அவளே வாசித்துக் காட்டினாள். தடங்கல் இல்லாமல் வாசித்தாள்.

"நல்லா எழுதியிருக்காகப்பா," என்றாள்.

"எழுதுவாக. அதுக்குத்தான படிச்சது," என்றார் அவர். பிறகு என்னிடம்: "டீச்சர், இத வச்சு நா என்ன செய்ய? பிரேம் போட்டு மாட்டவா? சொன்னது வாயால. நாலு ஆளுக்கு முன்னாடி. கூத்தநாச்சி வாய்க்கா வரைக்கும் பேச்சாப் போச்சு. ஒரு மாடி வேலை பேசி முடிச்சிருந்தேன், வேணாம்னுட்டாக. வாயால சொன்னத வாயால எடுங்க. ஏணிய எடுத்துட்டு வாரேன்."

"எங்கே?"

"நம்ம ஆளுக பூராம் இப்ப காலையில ஜீப்புக்குத்தான் நிக்கிறாக. உங்க ஊரு ஸ்டாப்புலதான்."

"வருகிறேன் என்று சொல்லவில்லை," என்றேன்.

"வாங்கன்னு நானும் சொல்லல."

பஸ் வரும்வரை அவர் நிற்க, நானும் நின்றேன். நாற்காலியில் உட்காரவில்லை.

20 செப்டம்பர்

போனேன்.

ஆறு மணிக்கு ஸ்டாப்பில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள், ஜீப் வேறு இன்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது. வெளுத்த வெள்ளைச் சேலை கட்டி, வகுப்பில் நிற்பது போல் நின்று சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"இம்மாதம் இரண்டாம் தேதி, சுருளிவேல் அவர்களின் வேலையை நான் திருட்டு என்று சொன்னது பிழை. ஒப்பந்தத்தில் நான் எழுதிய வாசகம் இருபொருள் தருவதாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வேலையை நிறுத்திக் கேள்வி கேட்டதற்குக் கேட்கவில்லை."

ஜீப்பின் பின்னாலிருந்து ஒருவர், "டீச்சர் என்னமோ சொல்றாகளே, என்னவாம்?" என்றார்.

மலையம்மாள் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி சத்தமாகச் சொன்னாள்: "ஒண்ணுமில்லண்ணே. மாத்தி எழுதிட்டாகளாம்!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். டிரைவர் கூட. நான் இரண்டு வினாடி முறைத்தேன். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த ஒரு சொல் இன்னும் எத்தனை வேலை செய்யும்!

சுருளிவேல் டீக்கடை ஓரம் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏலே, இறங்குங்கடா. மலையம்மா, நீயும்தான்," என்றார்.

24 செப்டம்பர்

ஏணி வந்துவிட்டது. நான் விடவில்லை. "புது ஓட்டுக்கு எவ்வளவு கூடும்?" என்று கேட்டேன். சொன்னார். கொடுக்கலாம் என்றே இருந்தேன். அவர் பழைய ஓடு ஒன்றை எடுத்து விரல் கணுவால் தட்டினார். வெண்கலக் கும்பாவைத் தட்டினாற்போல் ஓசை. மாதிரிக்குக் கொண்டுவந்த புது ஓட்டைத் தட்டினார். சட்டியைத் தட்டினாற்போல் இருந்தது.

"காசு உங்க காசு. எனக்கென்ன, வித்துக் குடுத்தா நாலு காசு எனக்கும் நிக்கும். ஆனா இந்த மண்ணு இப்ப வாரதில்ல டீச்சர்."

"சரி. ஆனால் ஒவ்வொன்றும் நான் தட்டிப் பார்த்த பிறகுதான் மேலே போகும்."

"ஒவ்வொண்ணுமா?"

"ஒவ்வொன்றும்."

28 செப்டம்பர்

முந்நூற்றுப் பன்னிரண்டு ஓடுகள் கழித்தேன். அவற்றுக்கு மட்டும் புதிது, பின்கட்டுக்கு. விரல் கணு வீங்கிவிட்டது. "பரிட்சைத் தாளு திருத்துறாப்புல திருத்துறீக, ஒண்ணு ரெண்டுக்காச்சும் கருண மார்க் போடுங்க டீச்சர்," என்கிறார் சுருளிவேல். போடவில்லை.

11 அக்டோபர்

கூரை மூடியாயிற்று. தார்ப்பாயை மலையம்மாள் கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

15 அக்டோபர்

அருண் காரில் வந்தான். டிக்கியில் காலி சூட்கேஸ் ஒன்று இருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. நாலு மணிக்கு மழை பிடித்தது, மேற்கே மலை தெரியாத மழை. கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் சமையலறை வாசலுக்கு மேல் ஒரு சொட்டு.

"அம்மா, ஒழுகுது."

"ஒழுகுதுன்னா தொடர்ந்து வரணும். இது சொட்டு."

அடுத்தது விழ நேரமாயிற்று. எண்ணிப் பார்த்தோம், இருவரும் வாய்விட்டு. இருபத்தாறில் விழுந்தது. அவனே எழுந்து போய் ஒரு தம்ளரைக் கொண்டுவந்து கீழே வைத்தான். வந்து உட்கார்ந்தான்.

"அட்வான்ஸத் திருப்பி வாங்கிர்றேம்மா," என்றான் சற்றுக் கழித்து.

நான் தலையாட்டினேன். இன்னொரு காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

4 நவம்பர்

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிவிட்டார்களாம். இன்று மலையம்மாளிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

திரு. சுருளிவேல் அவர்களுக்கு,

வணக்கம். சொட்டிய இடத்தை அடைத்துக் கொடுத்தீர்கள். நேற்றைய மழையில் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மீதித் தொகை நதியாவிடம் சேர்ந்திருக்கும்.

பின்கட்டுச் சமையலறையைத் தை மாதம் எடுத்துக் கட்ட விரும்புகிறேன். நீங்களே செய்ய வேண்டும். ஒப்பந்த வாசகத்தை இம்முறை நான் எழுதவில்லை. எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள், எதைப் புதிதாகப் போடுவீர்கள், எவ்வளவு ஆகும் என்பதை உங்கள் ஆட்களிடம் எப்படிச் சொல்வீர்களோ அந்தப் பேச்சிலேயே எழுதுங்கள். எனக்குப் புரியாத சொல் இருந்தால் நான் வந்து கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப்பிழை திருத்த மாட்டேன்.

பதிலை எழுத்தில் அனுப்பவும்.

செ. செலின் ஞானமுத்து