இடுப்பைப் பிடித்த கை

அன்புள்ள அக்கா,

வாட்ஸ்அப்பில் என்னை இன்னும் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். கிழித்துப் போடும் முன் படித்துவிடு.

புஞ்சாக் ஆலாமில் எங்கள் நாடகக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு போலந்து நாட்டுப் பெண்மணி வந்திருக்கிறார். அவர் ஊர்ப்பக்கம், மாதாகோயில்கள் வருவதற்கு முன்னால், ஸ்லாவிய மக்கள் தீயைச் சுற்றி மிதித்து மிதித்து ஆடி, தங்களை மறந்து போவார்களாம். அந்த மிதியையும் மூச்சையும் வைத்து எங்கள் உடம்பைப் பழக்குகிறார். மேளம் ஏற ஏற நினைவு போக வேண்டும். மேளம் நின்றதும் அசையாமல் நிற்க வேண்டும்.

நேற்று மேளம் நின்றபோது எல்லாரும் தடுமாறி விழுந்தார்கள். நான் மட்டும் நின்றேன். எஸ்டேட் கோயிலில் உறுமிச் சத்தத்துக்கு எனக்குச் சாமி வரும்போது பின்னாலிருந்து இடுப்பைப் பிடிப்பாயே, அந்தக் கை அங்கேயும் இருந்தது.

யாரிடம் கற்றாய் என்று அந்தப் பெண்மணி கேட்டார். அக்காவிடம் என்றேன்.

நான் நாடகத்தில் சேர்ந்த அன்று, "அப்போ கோயில்ல வந்ததெல்லாம் நடிப்புதான் லா" என்றாய். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நடிக்கிறவள் இடம் பார்த்து விழுவாள். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பின்னால் நீ இருந்தாய்.

சனிக்கிழமை கோலா சிலாங்கூர் மண்டபத்தில் அந்த ஆட்டத்தை நான்தான் முன்னின்று ஆடுகிறேன். முன்வரிசையில் உனக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். இந்த முறை நீ பிடிக்க வேண்டாம். உட்கார்ந்து பார்.

விழாமல் நிற்கும்
உன் தங்கை