திருக்கை வந்து சேராத மதியம்

யோசு,
நவம்பர், மழை நாள்.

மதிப்பிற்குரிய திருமதி ஓக் மி-ரன் அவர்களுக்கு,

வேண்டிய அளவு வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. உங்கள் கணவர் மா கி-தே காலமானது மார்ச்சில். அதன் பிறகும் நான் ஒழுங்காக வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். சாப்பாட்டில் ருசி இருக்கிறதா என்று கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்துவிட்டதாக ஆலை உணவகத்தில் பேசிக்கொண்டார்கள். நல்லது. வரும் வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் இழப்பீட்டு ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திடப் போவதாகவும் சொன்னார்கள். உங்கள் கணவர் தன் கவனக்குறைவால் வாயுத் தடுப்பு முகமூடி இல்லாமல் ஆலைக்குள் போனார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி பொய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆலை செய்வது இதுதான்: கப்பலில் வரும் அம்மோனியாவைச் சூடாக்கிப் பிளந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறோம். அதை எரித்தால் கரி இல்லை, புகை இல்லை. இது ஏமாற்று வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதைப் பிளக்கும் வினையூக்கியை உருவாக்குவதில் பதினோரு வருடம் செலவழித்தவன் நான். அதன் ஆய்வறிக்கையில் இருப்பது இயக்குநர் பியோ சாங்-உக்கின் பெயர். கல்லூரியில் அவர் எனக்கு மூன்று வருடம் ஜூனியர். என் அறையில் என் பாயில் படுத்து என் குறிப்புகளைப் படித்துத் தேர்வு எழுதியவர். இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத சங்கதி. இருந்தாலும் அவர்மேல் எனக்கு வஞ்சம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

ஆலையைத் தொடங்கிய அன்று வழக்கப்படி பன்றித்தலை வைத்துப் படையல் போட்டோம். அமைச்சகத்து ஆட்கள் வருகிறார்கள், சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று பியோ ஒரு மடிப்புத் திரையை நிறுத்தச் சொன்னார். அதன் முன்னால் படையல் மேசை. திரைக்குப் பின்னால் இருந்தது முகமூடி அலமாரி. முகமூடி எடுக்க வேண்டுமென்றால் விருந்தாளிகள் குனிந்து வணங்கிக்கொண்டிருக்கும் பன்றித்தலையை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும்.

என்னை வெள்ளைக் கையுறை போட்டு வாசலில் நிற்க வைத்திருந்தார்கள், கார்களுக்கு வழி காட்ட. கையில் ஒரு வாக்கி-டாக்கி.

அதற்கு முந்தைய வாரம் ஓய்வறையில் யாரோ புளிக்கவைத்த திருக்கை மீன் பெட்டியைத் திறக்க, வாயு காட்டும் கருவி அலறிவிட்டது. புளித்த திருக்கையின் நெடியும் அம்மோனியாதான், கருவிக்கு வித்தியாசம் தெரியாது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதனால் படையல் அன்று மதியம் அலாரம் அடித்தபோது யாரும் பயப்படவில்லை. வாக்கி-டாக்கியில் பியோவின் குரல் கேட்டது. "அதை நிறுத்துங்கப்பா. திருக்கை வந்திருக்கும், அதுக்குத்தான் அழுவுது. பெரிய மனுசங்க முன்னாடி மானத்தை வாங்காதீங்க." அலாரம் நின்றது.

விருந்துக்கான திருக்கை நாஜு நகரிலிருந்து வர வேண்டும். வாசலைத் தாண்டித்தான் எந்த வண்டியும் உள்ளே போக முடியும். எதுவும் போகவில்லை. பொத்தானை அழுத்தி, திருக்கை இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.

"டாக்டர் அண்ணே, நீங்க வாசலைப் பாருங்க. மோப்பம் பிடிக்கிற வேலையை எங்ககிட்ட விட்டுடுங்க" என்றார் பியோ. பின்னால் பலர் சிரிப்பது கேட்டது.

பிறகு உங்கள் கணவர் பேசினார். அவசரமில்லாத குரல். "வாசல்ல நிக்கிறவரு வரலைன்னா வரலைதான். அவரு விளையாட்டுக்குப் பேசுற ஆளா? இருங்க, ஒரு எட்டு உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

குழாய் இணைப்பு ஒன்று ஏற்கனவே கசிந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போன பிறகு முழுதாக விட்டுப்போனது.

ஆம்புலன்ஸ் வெளியே வந்தபோது எதிரே ஒரு சின்ன வண்டி வந்தது. காவலாளி அதை ஓரங்கட்டி நிறுத்தினான். திருக்கைக் கடை நடத்தும் அம்மாள், குக் என்று பெயர், கண்ணாடியை இறக்கி, சாலையில் நெரிசல், தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். விருந்து இருக்கிறதா இல்லையா என்றும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெட்டிகளை இறக்கச் சொன்னேன். ரசீதில் கையெழுத்துக்கூடப் போட்டேன்.

விசாரணையில் அன்று மதியம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். வாசலில் என்றேன். சரி, போகலாம் என்றார்கள். போய்விட்டேன். சில நாள் கழித்துப் பியோ என் அறைக்கு வந்தார். பல வருடம் கழித்து என் தோளில் கை போட்டு, "அண்ணே, செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. ஆலையை மூடிட்டா நம்ம ரெண்டு பேர் உழைப்பும் தண்ணியில போயிடும்" என்றார். நம் இரண்டு பேர் உழைப்பு என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்க எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் குக் அம்மாளிடம் கேளுங்கள், ஆம்புலன்ஸுக்காக வண்டியை ஒதுக்கியதை அவர் மறந்திருக்க மாட்டார். அன்று வாக்கி-டாக்கி வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். முகமூடி அலமாரி எங்கே இருந்தது என்று கேளுங்கள். வாசலில் நின்றது யார் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவனைக் கூப்பிட்டால் வருவான். இந்த முறை கேட்காததையும் சேர்த்துச் சொல்வான்.

உங்கள் கணவர் கவனக்குறைவான ஆள் இல்லை. சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர் அன்று அவர் ஒருவர்தான். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அந்தப் பெண் நன்றாகப் படிக்கட்டும், நல்லபடியாக இருக்கட்டும்.

கீழே என் பெயரை எழுதிப் பார்த்தேன். பெயர் இருந்தால் இது எனக்கும் பியோவுக்குமான பழைய சண்டையாகிவிடும். உங்கள் வீட்டுக்காரர் நம்பிய ஆளின் பெயரை உங்கள் கண்ணில் படும்படி எழுதவும் கை வரவில்லை. அந்தத் தாளை எடுத்துவிட்டு இந்தப் பக்கத்தை மறுபடி எழுதினேன். கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.