தங்கச்சியின் நகங்கள்

9 ஜூன் 2024, ஞாயிறு
பார்லரில் இன்று நல்ல கூட்டம். நடுவில் தங்கச்சி பானு வந்தாள், நாத்தனார் வீட்டு விசேஷமாம். எப்போதும் போல நானே மெரூன் பூசிவிட்டேன். தட்டையாக இருந்த நகங்கள் இந்த ஒரு வருஷத்தில் கிளிமூக்காக வளைந்திருக்கின்றன. விரல் நுனியும் உருண்டு திரண்டு...
"அழகா இருக்குடி" என்றேன். சிரிக்கப்போய் இருமினாள்.
"எவ்ளோ நாளா இருமிகினு இருக்கிற?"
"பேஜார் பண்ணாதக்கா. நாள் பூரா தறியில நிக்கிறேன்ல, அந்தத் தூசி."

21 ஜூலை
பார்லர் மாடிப்படி ஏற பானு மூன்று இடத்தில் நின்றாளாம். முப்பத்தாறு வயசுதானே அவளுக்கு?

3 ஆகஸ்ட்
வேலூர் ஆஸ்பத்திரி. அவள் வீட்டுக்காரர் குமரேசனும் வந்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவிக்குத் தடையாக இருக்கிறதென்று நான் பூசிய பாலிஷை நர்ஸ் துடைத்தார். அடியில் நகம் நீலம் பாய்ந்திருந்தது.
இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டிவைக்கச் சொன்னார் டாக்டர். நடுவே சின்ன இடைவெளி தெரிய வேண்டுமாம். பானுவுக்கு இல்லை.
"நகம் இப்படி வளைய மாசக்கணக்காகும்மா. யாருமே கவனிக்கலியா?"
குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். மாதம் தவறாமல் அந்தக் கையைப் பிடித்தவள் நான்.
நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டதாம். முன்பே வந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாமாம்.

4 ஆகஸ்ட்
அழகுன்னு சொன்னேனே. பாவி.

18 செப்டம்பர்
வீட்டிலேயே ஆக்சிஜன். இன்று அவளிடம் சொல்லிவிட்டேன், "எல்லாத்தையும் பாத்துகினுதான்டி பாலிஷ் போட்டேன்."
மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். "இருமல் எனக்குத்தான தெரியும்? நானே டாக்டர்கிட்ட போவல. நீ என்னாத்துக்கு அழுவுற?"
திட்டியிருந்தால் தேவலை.

11 நவம்பர்
பானு போயிட்டா. காலை ஆறேகால்.

12 டிசம்பர்
பார்லர் திறக்கவில்லை. இன்றும்.

2 பிப்ரவரி 2025
திறந்து ஒரு வாரம். இன்று கல்லூரிப் பெண் சத்யப்ரியா வந்தாள். நகமெல்லாம் வெளுத்து, கரண்டி மாதிரி குழிந்து கிடந்தது. கையை விடாமல் கேட்டேன், "அடிக்கடி தலை சுத்துதா?"
"ஆமா ஆன்ட்டி. உங்களுக்கு யார் சொன்னா?"
"ரத்தம் கம்மியா இருக்கும்னு தோணுது. எனக்கு நிச்சயமாத் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டிடணும்."
"பாலிஷ் போடுவீங்களா, மாட்டீங்களா?" முகம் சுளித்தாள்.
அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். அவருக்கு நாளை வேலைக்கு லீவு கிடைக்காதாம்.
நாளை பார்லரைப் பதினோரு மணிக்குத்தான் திறப்பேன். காலையில் அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.