வாஷிங் மெஷின் சீன்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அக்கா, நான் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். போன் இருக்கும்போது பேப்பரும் பேனாவும் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போனில் ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ உடனே "சரிம்மா, விடும்மா" என்பாய், விஷயம் அத்தோடு முடிந்துபோகும். இது அப்படி முடியக் கூடாத விஷயம்.

முதலில் வீட்டுக் கதை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறச் சொன்னால் முனகுகிறார், டிவி ரிமோட்டைத் தேட மட்டும் துள்ளி எழுந்துவிடுகிறார். அக்கா வேலை மாறியது உனக்குத் தெரியும். புது ஆபீசில் ஏசி குளிர் தாங்கவில்லை என்று உன் நீல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறாள், அது திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருக்காதே. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று கையில் எடுத்த நாளிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொட்டுகிறது. சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே தெரிகிறது, இல்லையா. சரி, சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அனுப்பியதைச் சித்தி மகளே என்னிடம் சொன்னாள், பாவம், நான் பிரபலமாகிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அனுப்பியிருக்கிறாள். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஹால் நிறையப் பிள்ளைகளுக்கு முன்னால், நீ திக்கிப் பேசுவதைப் பேசிக் காட்டியவள் உன் அம்மாதான். ஆள் மாறாட்டம் இல்லை, வெட்டி ஒட்டியதும் இல்லை. எப்படிப் பேசிக் காட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை செய்த கேவலம் போதும்.

எப்படி அங்கே போய் நின்றேன் என்று சொல்கிறேன், அதனால் என் தப்பு குறையும் என்பதற்காக இல்லை. இத்தனை வருஷம் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்ளும் சீரியல்களுக்கு வசனம் எழுதியவளை ஒரு சினிமாவுக்குக் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ஒரு காமெடிப் படம் என்றார்கள். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி முதல் நாளே, "யாருக்கு எடுக்கிறோம்னு தெளிவா இருக்கணும்மா, எல்லாருக்கும் பிடிக்கணும்னு எழுதினா யாருக்கும் டிக்கெட் வாங்கத் தோணாது. நமக்குப் பதினாலுலேருந்து பதினெட்டு வரைதான்" என்றார். அதுக்கென்ன, நானும் ரெண்டு பேரை வளர்த்தவள்தானே என்று எழுதித் தள்ளினேன். சித்தி மகளைப் பிடித்து உட்காரவைத்து, இப்போது பிள்ளைகள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு வசனத்தில் போட்டேன். படத்தை ஒருவழியாக எடுத்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். எங்கள் டைரக்டருக்கு ஒரு வழக்கம், போட்டுக் காட்டும்போது திரையைப் பார்க்க மாட்டார், திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், எங்களையும் அப்படியே உட்காரவைப்பார். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே செருப்பைக் காலால் நோண்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அன்றைக்கு எல்லோரும் செருப்பைத்தான் நோண்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு பெண், "நாங்க யாரும் இப்படிப் பேச மாட்டோம் ஆன்ட்டி, எங்க மாமாதான் இப்படிப் பேசுவாரு" என்றாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வரும்போது வேனில் இதே பேச்சுதான். படத்தின் உயிரே அந்தப் பிள்ளைகள் சிரிப்பதில்தான் இருக்கிறது, அது இல்லையென்றால் தியேட்டர்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். நான்தான் வாயைக் கொடுத்தேன். என் வீட்டில் உண்மையாகவே நடந்த ஒன்று இருக்கிறது, போடலாமா என்று கேட்டேன். கேட்க வேண்டியது உன்னிடம், நான் கேட்டது அவர்களிடம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ மறந்திருந்தால் நல்லது. உனக்குப் பதினாறு வயது. குளியலறைக்குள் போய், துணியே இல்லாத வாஷிங் மெஷினை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாய். மெஷின் தானாக ஓடுகிறது, ஏதோ கோளாறு என்று நான் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்த நேரமும் நீ உள்ளேதான் இருந்தாய். அவர் வெளியே இருந்த சுவிட்சை அணைத்தார். மெஷின் நின்றது, யாரிடமோ கேட்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த உன் குரல் நிற்கவில்லை. "நாளைக்கு லைப்ரரிக்குப் போறப்ப நானும் கூட" என்று வந்து, அங்கே மாட்டிக்கொண்டது. மெஷின் சத்தத்தில் உனக்குத் திக்காமல் வருகிறது, அதற்காகத்தான் நீ அதை ஓடவிட்டாய் என்பது வெகுநாள் கழித்து நீயே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு உள்ளே நீ அந்த வார்த்தையோடு போராடிக்கொண்டிருந்தாய், வெளியே நான், அப்பா, அக்கா, மெக்கானிக். நான் சும்மா இருந்தேனா? கதவுக்கு வெளியே நின்று, "வரட்டுமா!" என்று உரக்க எடுத்துக்கொடுத்தேன். மெக்கானிக் சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் போனாய், சில நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அப்புறம் ஒருநாள் வந்து உட்கார்ந்து, நான் ஏதோ கேட்டதற்கு "சரிம்மா" என்றாய். நானும் ஆறிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

இதை சீனாக எழுதினேன் கண்ணா. பையன், மெஷின், மெக்கானிக், திக்கல் எல்லாம் வைத்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், "வரட்டுமா" என்று நான் கத்தியதை. படத்து அம்மா வாயே திறக்காமல் நல்லவளாக நிற்கிறாள். எழுதும்போது வேண்டுமென்று விட்டதாக எனக்குத் தெரியவில்லை. கை தானாகவே என்னைக் காப்பாற்றிவிட்டது.

அந்த சீனைப் படம்பிடித்துச் சேர்த்து வேறொரு பள்ளிக்கூடத்தில் போட்டோம். மெஷின் நின்று பையன் மாட்டிக்கொண்டதும் ஹாலே அதிர்ந்தது. அந்த வயதில் எந்த நேரம் நாம் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, மாட்டிக்கொண்டவன் இன்னொருத்தன் என்று தெரிந்ததும் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வருகிறது. தயாரிப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். ஒரு பையன் எழுந்து, இது நிஜமா நடந்ததா என்றான். நடந்ததுதான், என் பையனுக்குத்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் பள்ளிக்கூடத்தில் மாமா மாதிரி பேசுகிறேன் என்று சொன்னார்களே, இங்கே என் வாயிலிருந்து வந்ததற்கெல்லாம் சிரிக்கிறார்கள், எனக்குப் போதை ஏறிவிட்டது. எப்படிப் பேசுவான் தெரியுமா என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் சிரிக்கவில்லை. பக்கத்தில் சிரித்தவளின் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு என்னையே பார்த்தாள். அவளை நான் பார்த்தேன். பார்க்காமல் செய்துவிட்டேன் என்று உன்னிடம் பூசி மெழுகலாம், ஆனால் நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் முடித்தேன், ஏனென்றால் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. இதை நினைக்கிறபோதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விளம்பரத் தம்பியின் ஆட்கள் அதை எடுத்து வெளியிட்டதும் அன்று சாயங்காலமே எல்லோர் கைக்கும் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "நல்லாக் கை தட்டினாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் எழுந்து போய்க் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசியபோது, "தம்பி இப்போ பாடம் நடத்துற பிள்ளைங்களுக்கு என்ன வயசுன்னு யோசிச்சியாம்மா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க வேண்டுமென்று இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோமோ, அதே பிள்ளைகள்தான் உன் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் நம் மொழி பேசுகிற வீட்டுப் பிள்ளைகள். புது வகுப்புக்குப் போன முதல் நாளே, "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுமையா கேளுங்க, முழுசா வரும்" என்று நீயே சொல்லிவிடுவாய் என்று ஒருதடவை சொன்னாயே. அதை நீ உன் வாயால் சொல்வதற்கு முன்னால் நான் அங்கே போய்ச் சொல்லிவிட்டேன், அதுவும் எப்படிச் சொன்னேன்.

வீடியோவை எடுக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் போனுக்குள் போனதை என்னால் திரும்ப வாங்க முடியாது, அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. என்னால் முடிந்த ஒன்றைச் செய்திருக்கிறேன். எடிட்டிங் அறையில் போய் உட்கார்ந்து, அந்த சீனில் படத்து அம்மா கதவைப் பார்த்தபடி நிற்கும் ஷாட் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. முதுகுதான் தெரிகிறது, வாய் தெரியாது, அதனால் நான் எழுதாமல் விட்ட அந்த "வரட்டுமா!" என்ற வார்த்தையை டப்பிங்கில் அவள் வாயில் போட்டோம். பையன் முகம் வரும் ஷாட்டை வெட்டிவிட்டோம். இன்னொரு பள்ளிக்கூடத்தில் போட்டபோது, அம்மா எடுத்துக்கொடுத்ததும் ஹால் முழுக்க "ஐயோ!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்கள், பக்கத்தில் இருந்தவனிடம் ஒருவன், "எங்கம்மாவும் இதேதான்டா" என்றான். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. அங்கே முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் இந்த வெட்கம் எனக்கு வர வேண்டியதுதான். முன்பு வந்த அளவு சிரிப்பு வரவில்லை என்று விளம்பரத் தம்பிக்கு வருத்தம்.

இதுவும் உன் கதைதான், இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். அதனால் டைரக்டரிடமும் தயாரிப்பாளரிடமும் சொல்லிவிட்டேன், என் பையன் சரி என்றால்தான் அந்த சீன், இல்லையென்றால் முழுசாக வெட்டிவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்று. தயாரிப்பாளர், "படம் ஓடுற ஒரே இடத்தை வெட்டச் சொன்னா நான் யார்கிட்டப் போய்ப் படத்தை விக்கிறதும்மா?" என்றார், கோபத்தில் இல்லை, பாவமாகத்தான் கேட்டார். நான் அசையவில்லை. அடுத்த மாதம் படத்தை முடித்துக் கொடுத்துவிடுவார்கள், அதன்பின் யாரும் கை வைக்க முடியாது. அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வெட்டச் சொல்லிவிடுவேன், நீ அதற்காக ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வீடியோ வெளியான அன்று இரவு நான் அழுதுகொண்டே உனக்கு அனுப்பிய அத்தனை நீளக் குரல் பதிவுக்கு நீ அனுப்பியது "சரிம்மா" என்ற ஒரு வார்த்தை. உன் வாயில் எந்த வார்த்தை சுலபமாக வரும், எது வராது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? வராத வார்த்தையை விட்டுவிட்டு வருகிற வார்த்தையைச் சொல்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எழுத்திலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நீ விட்டுவிட்ட இடத்தில் எல்லாம் நான் நுழைந்து என் வார்த்தையைப் போட்டு நிரப்பிக்கொண்டேன். அடுத்தவர் வாயில் வார்த்தை வைப்பதே பிழைப்பாகப் போனவள், வீட்டிலும் அதையே செய்திருக்கிறேன். அதனால் இந்தத் தடவை "சரிம்மா" வேண்டாம். போன் செய். உள்ளே என்ன இருக்கிறதோ அதைச் சொல், திட்ட வேண்டுமென்றால் திட்டு, எந்த வார்த்தை வர அடம்பிடிக்கிறதோ அந்த வார்த்தையையே சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். எடுத்துக்கொடுக்க மாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், இரவில் கண் விழித்து விடைத்தாள் திருத்தாதே. நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததை நினைத்தபடி சொல்லிக்கொண்டு, நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். நீ கூப்பிடும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு வருகிறேன், நீ ஓடட்டும் என்றால் ஓடட்டும்.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்,
உன் அம்மா