இடது ஓரத்தில் மூன்று விரல்கள்

ஸ்காபரோ
மார்ச் 10, 2025

அன்புள்ள ஜெயந்தனுக்கு,

அடுத்த ஞாயிறும் உன் கணவர் வருவாரா என்று நோரா கேட்கிறார். தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். நாங்கள் பிரிந்து இரண்டு வருடம் என்று எண்பத்தைந்து வயது மனிசியிடம் எப்படிச் சொல்வது? நீங்களும் சொல்லவில்லை. அவர் சுட்ட சோடா ரொட்டியில் மூன்று துண்டு சாப்பிட்டதோடு சரி.

அவருடைய கொள்ளுப்பாட்டன் அயர்லாந்திலிருந்து வந்த கட்டடக் கலைஞர், கடிதங்களும் வரைபடங்களும் உள்ள அந்தக் குடும்பத்துப் பெட்டிகளை எங்கள் ஆவணக்காப்பகத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னதும், "நானும் வரட்டே?" என்றீர்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சொல்லில் பதில் போடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நிரோஷினி

மிசிசாகா
மார்ச் 14

அன்புள்ள நிரோ,

வருவேன் என்று சொல்லும். இந்த ஞாயிறு இல்லை, அடுத்தது. நோரா சொன்னாரே, கொள்ளுப்பாட்டன் வரைந்த பழைய பள்ளிக்கூடம், அதன் வரைபடத்தைப் பார்க்க ஆசை. பொறியியலாளன் புத்தி, விடாது. எந்தப் பெட்டி என்று முதலே பார்த்து வையும்.

இன்னொன்று. மனிசி உம்முடைய வெறும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவ. மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வாரும். உம்முடைய கையால் பால் விடாத பிளேன்ரீ குடித்து எவ்வளவு காலம்!

ஜெயந்தன்

ஸ்காபரோ
மார்ச் 24

அன்புள்ள ஜெயந்தனுக்கு,

நேற்று நீங்கள் போன பிறகும் நோரா சிரித்துக்கொண்டிருந்தார். வரைபடத்தின் மூலையில் கொள்ளுப்பாட்டன் கோபத்தோடு எழுதிவைத்திருந்தாரே, "முன்புறம் என் வரைவின்படி கட்டப்படவில்லை, ஒப்பந்தக்காரன் கெடுத்துவிட்டான்" என்று, அந்த முன்கோபம் தங்கள் குடும்பச் சொத்து என்கிறார்.

நோரா கையெழுத்துப் போட்டுப் பெட்டிகளைத் தரும்வரை எதையும் படம் எடுக்கக்கூடாது. அது என் தொழிலின் முதல் விதி. இருந்தும், நோரா அடுக்களைக்குப் போன நேரம், சுருண்டு சுருண்டு போன அந்த வரைபடத் துணியை நீங்கள் காட்டிய மூலையில் நான் கையால் அழுத்திப் பிடிக்க, நீங்கள் போனில் படம் எடுத்தீர்கள். "உம்மட கையும் படத்தில விழட்டும், வடிவாயிருக்கு," என்றீர்கள். நான் மறுக்கவில்லை. யாருக்கும் காட்டாதீர்கள்.

மோதிரத்தை இன்னும் கழற்றவில்லை. விரல் வீங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரோ

மிசிசாகா
ஏப்ரல் 11

அன்புள்ள நிரோ,

சரியான வேலை, மூச்சுவிட நேரமில்லை. ஞாயிறுகளில் இனி வர இயலாது போல இருக்கிறது. நோராவிடம் ஏதாவது சொல்லிச் சமாளியும்.

ஜெயந்தன்

ஸ்காபரோ
மே 27

ஜெயந்தனுக்கு,

நகரசபையின் மரபுரிமைக் குழு எங்கள் காப்பகத்திடம் கருத்துக் கேட்டு ஓர் அறிக்கை அனுப்பியிருக்கிறது. பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு மாடிக் குடியிருப்புக் கட்டலாமாம். பெயர்பெற்ற ஒரு கலைஞரின் கட்டடம் என்பதால்தான் இத்தனை காலம் அதற்குப் பாதுகாப்பு. அந்த முன்புறம் அவருடையதே அல்ல என்று அவரே எழுதியிருப்பதாக அறிக்கை சொல்கிறது. சான்றாக ஒரு படம். கீழே, "குடும்பச் சேகரிப்பு, உரிமையாளரின் அனுமதியுடன்." அதற்கும் கீழே, குடியிருப்புக் கட்டப்போகும் நிறுவனத்தின் பொறியியலாளராக, உங்கள் கையொப்பம்.

படத்தின் இடது ஓரத்தில் மூன்று விரல்கள், ஒன்றில் மோதிரம். வெட்டிவிடப் பார்த்திருப்பீர்கள். என் விரலை வெட்டினால் அவருடைய குறிப்பும் போய்விடும், இல்லையா? அந்த மூலையைத்தானே பிடிக்கச் சொன்னீர்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் நிற்கவேண்டும் என்றுதான் நோரா பெட்டிகளையே திறந்தவர். அது உங்களுக்கும் தெரியும். அவருடைய மேசை முன்னால் இருந்து, அவருடைய ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு அதைக் கேட்டீர்கள்.

நான் சந்தேகக்காரி என்று சண்டையில் எல்லாம் சொல்வீர்கள். சந்தேகப்படாமல் இருந்தது இந்த ஒரு தடவைதான்.

நாளைக்கு நோராவிடம் போகிறேன்.

மே 28

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. இன்று நடந்ததையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அறிக்கையை மேசையில் வைத்து, "இது என் கை," என்றேன். நோரா பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பெட்டிகளைக் கட்டச் சொன்னார். இருந்த ஒழுங்கிலேயே அடுக்கி, நாடா கட்டி, அவருடைய கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்தேன். இனி எங்கள் காப்பகத்துக்கு அவை கிடைக்காது.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, "அவர் இனி வருவாரா?" என்று கேட்டார்.

"மாட்டார். நாங்கள் பிரிந்து இரண்டு வருடம்."

"அது எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார். "என் ரொட்டியை எந்தப் புருஷனும் குறை சொல்லாமல் மூன்று துண்டு சாப்பிட்டதில்லை. விருந்தாளிதான் அப்படிச் சாப்பிடுவான். நீயாகச் சொல்லுவாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தேன்."

பிறகு கதவைச் சாத்தினார். நான் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.

நிரோஷினி