எழுந்துவிடும் பூனை

அன்புள்ள அம்மாவுக்கு,

எதையும் மறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சிங்கப்பூரில் நாங்கள் நலம்.

அப்பாவின் புது வேலை, கார்ட்டூன் பூனை உடைக்குள் புகுந்து ஆடுவது. பிள்ளைகள் முன்னால் பேசக் கூடாது, தலையைக் கழற்றக் கூடாது. கார்ட்டூன் பாத்திரங்களை உலகமே ஏன் விரும்புகிறது என்ற பள்ளிக் கட்டுரைக்காக, இன்று தெம்பனிஸ் கடைத்தொகுதிக்கு நானும் போனேன்.

பூனை பேசாததால் எல்லா மொழிப் பிள்ளைகளுக்கும் அது சொந்தமாகிவிடுகிறது. ஆட்டத்தின் நடுவில் அது விழுந்தது.

"சும்மா ஆக்டிங் லா!" என்று ஒரு சிறுமி கத்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

'எத்தனை முறை விழுந்தாலும் எழுந்துவிடும், அதனால்தான் பிடிக்கிறது' என்று குறிப்பெடுத்துவிட்டு நிமிர்ந்தேன். பூனை சிரித்தபடியே கிடந்தது. அப்போதும் நான் அப்பா என்று கூப்பிடவில்லை.

இரண்டு பேர் பூனையைக் கடைக்குள் தூக்கிப்போய்த் தலையைக் கழற்றினார்கள்.

"உடைக்குள்ள கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். அம்மாகிட்ட சொல்லாத கண்ணு" என்றார் அப்பா. நாளைக்கு மூன்று ஆட்டம் இருக்கிறது.

உங்கள் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள், எனக்குப் போர்த்திக்கொள்ள. அப்பா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். மணி ஐந்துதான். அதற்குள் படுத்துவிட்டார், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். விளக்குகளை அணைத்துவிட்டேன்.

தாரணி