பன்னிரண்டு தாளில் ஒரே தவறு

23 செப்டம்பர், செவ்வாய்

எட்டாம் வகுப்பு அறிவியல் தாள்களில் பன்னிரண்டு பேர் ஒரே தவறைச் செய்திருக்கிறார்கள். சூளையில் களிமண் பீங்கானாவது இயற்பியல் மாற்றமாம். வீட்டுக்கு ஒருவர் பீங்கான் வேலைக்குப் போகும் தெருவின் பிள்ளைகள் எழுதுகிற பதிலா இது? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று காலையிலேயே முடிவுகட்டினேன். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு இருந்தது ஸ்டெல்லா டீச்சர்.

"ஹால்ல யாராச்சும் பதில் சொன்னாங்களா டீச்சர்?"

"என்னையவா கேக்குறீங்க?" என்றவர் அப்புறம் என்னோடு பேசவே இல்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

அந்தப் பன்னிரண்டில் கவிதாவின் தாளில் மட்டும் முதலில் 'வேதியியல்' என்று எழுதி அடித்திருந்தது. மாலையில் அவளைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன்.

"எங்கம்மா சூளையிலதான் வேலை செய்யிறாங்க டீச்சர். வெந்த மண்ணு திரும்ப மண்ணு ஆவாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா என் நோட்டுல நீங்கதான் அத அடிச்சு இயற்பியல்னு மாத்துனீங்க. அதப் பாத்துட்டு எல்லாரும் மாத்திக்கிட்டாங்க."

அந்த நோட்டை வாங்கி வந்திருக்கிறேன். சிவப்பு மை, கீழே என் கையெழுத்து. யாராவது என்னைப் போலவே எழுதியிருப்பார்களோ என்றுகூட விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். இல்லை, என்னுடையதுதான்.

பன்னிரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். நாளைக்கு ஸ்டெல்லா டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது.